சம்பந்தியை முள்ளில் தவழவிட்டது பற்றி

தோஸோ பெரிய சந்தையில் துணிக்கடை நடத்துபவரும், மக்கா போய் வந்தவரும், ஜும்ஆவில் முன்வரிசையில் நிற்பவருமான ஹாஜியார் பூரேய்மா மாயாக்கி அவர்களின் சமூகத்துக்கு, கூரே கிராமத்தில் ஒட்டகச்சிவிங்கி காட்டிப் பிழைக்கும் ஜிப்ரில்லா சுமானா தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொள்ளும் கடிதம்.

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாகத் தூங்கி எழுந்தீர்களா? வீட்டில் எல்லோரும் சமாதானமாக இருக்கிறார்களா? வெயில் எப்படி, களைப்பு எப்படி, பேரப்பிள்ளைகள் எப்படி, வியாபாரம் எப்படி, முழங்கால் எப்படி? முழங்காலைப் பற்றி நான் கேட்டிருக்கக் கூடாது. அதன் இப்போதைய நிலைமைக்கு நானே காரணம் என்பதால் அந்த ஒரு விசாரிப்பை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்றவற்றை எல்லாம் போன வாரம் சாலையோரத்தில் உங்களைப் பார்த்தபோதே, குனிந்து, கண்ணைத் தரையில் வைத்து, ஒன்று விடாமல் கேட்டிருக்க வேண்டும். அன்று கேட்காமல் விட்டதை இன்று காகிதத்தில் கேட்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அதனால் நலம் என்று எழுதுகிறேன்.

உண்மையில் வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. உங்கள் மகன் முமூனிக்கும் என் மகள் ஹப்ஸாத்துவுக்கும் பேச்சு முடிந்து, போன வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து நிச்சயத்துக்கான கோலாக் கொட்டை வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மனைவி ஸலமத்து அன்று காலையில் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பக்கத்து வீட்டில் பாய் இரவல் வாங்கி விரித்து வைத்தாள். மாலையில் யாரையும் பார்க்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தாள். ஹப்ஸாத்து அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். "அத்தா, என்னை ஒரு ஒட்டகச்சிவிங்கிக்கே பேசி வெச்சிருக்கலாம் நீங்க. அப்படி ஒரு மாமனார்கிட்டயாவது உங்களுக்குப் பேசத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உரலில் கம்பு குத்தப் போய்விட்டாள். அன்று அவள் குத்திய குத்தில் எங்கள் தெருவில் ஒரு கோழி கூட நிற்கவில்லை.

ஹாஜியார் அவர்களே, நான் எப்படி ஏமாந்தேன் என்பதைத் தாங்கள் கேட்டே ஆகவேண்டும். நம் வழக்கப்படி கல்யாணப் பேச்சை எல்லாம் இரண்டு பக்கத்து மாமன்மார்கள்தான் பேசினார்கள். உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது. நிச்சயத்துக்கு முன்னால் பையனைப் பெற்றவர் பெண் வீட்டு ஊருக்கு வருவார் என்று யார் கனவு கண்டார்கள்? அன்று புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் தேநீர் விற்கிற அகாலி அசல் துவாரெக், தலைப்பாகையால் முகம் மூடுகிற பாலைவன இனம். அவன் கடைப் பெஞ்சில் நீலத் தலைப்பாகையால் மூக்கு வாய் எல்லாம் சுற்றி, கண்ணை மட்டும் வெளியே விட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அகாலியோடு அவன் மொழியில் இரண்டு வார்த்தை பேசுகிறார். மூன்றாவது கோப்பைத் தேநீரையும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடிக்கிறார். இவர் துவாரெக் இல்லை என்று நம் ஸர்மா இனத்தில் யாருக்குத் தோன்றும்? துணி வியாபாரத்துக்கு எல்லா மொழியிலும் நாலு வார்த்தை வேண்டும் என்று ஸலமத்து பிறகு விளக்கினாள். பிறகு விளக்கி என்ன?

துவாரெக் என்று தெரிந்துவிட்டால் என் வாய்க்குக் கதவு கிடையாது. நமக்கும் அவர்களுக்கும் பாட்டன் காலத்திலிருந்து மாமன் மகன் அத்தை மகன் கேலி முறை. திட்டலாம், சிரிக்கலாம், ஆளையே சந்தையில் விலை கூறலாம். கோபித்துக்கொள்கிறவனுக்குத்தான் அசிங்கம். அகாலியும் நானும் தினமும் காலையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டுதான் நாளைத் தொடங்குகிறோம். ஒரு நாள் அவன் திட்டவில்லை என்றால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பேன். மரியாதை என்று நினைத்துத்தான் நான் உங்களை அப்படி வரவேற்றேன்.

"என்ன மச்சான், மூஞ்சியை இப்படி மூடி வெச்சிருக்கே? எங்க ஒட்டகச்சிவிங்கி பயந்துக்கும்னா? கொஞ்சம் காட்டு, நான் பார்த்துச் சொல்றேன்."

தாங்கள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கணும். கிட்டப் போய்ப் பார்க்கணும்" என்று சுத்தமான தோஸோ ஸர்மா மொழியில் சொன்னீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"எங்க மொழியைக்கூடத் தூக்கிட்டுப் போயிட்டீங்களாடா? ஒட்டகம் ஆடுன்னு தூக்கினதெல்லாம் பத்தலையா?"

அகாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நீங்கள் தோஸோக்காரர் என்று அவனுக்குத் தெரியும், ஹாஜியார். அந்தப் பாவி பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கியபோதே தெரிந்துகொண்டானாம். சொல்லவில்லை. ஏன்டா சொல்லவில்லை என்று இப்போது கேட்டால், "உன் மச்சான் எனக்கு இதைவிட நல்ல நாள் வாழ்க்கையில கிடைக்குமா?" என்கிறான். கேலி முறை என்றால் அப்படித்தான். அவனை நான் குறை சொல்ல முடியவில்லை.

வருகிறவர்கள் காரில் வருவார்கள், நாங்கள் முன்சீட்டில் ஏறிக்கொண்டு வழி காட்டுவோம். உங்களிடம் கார் இல்லை. அதனால் என் மோட்டார்பைக்கில் ஏற்றினேன். சம்பந்தியோடு ஒரே பாயில் உட்காரக் கூச்சப்பட வேண்டியவன், சம்பந்தியை முதுகோடு முதுகாக, இல்லை, முதுகோடு நெஞ்சாக ஏற்றிக்கொண்டு போனேன். பள்ளத்தில் வண்டி குதித்தபோது பயந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டீர்கள். அப்போது நான் சொன்னதை எழுதப் பேனா மறுக்கிறது. எழுதாவிட்டால் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. "இறுக்காதே மச்சான், எனக்கு வீட்டுல ஏற்கனவே ஒருத்தி இருக்கா" என்றேன். அதற்கு மன்னிக்க வேண்டும். "ஒட்டகத்துல உக்கார்ற மாதிரி காலை மடக்காதே, சைலன்ஸர் சுடும்" என்று சொன்னதை மன்னிக்க வேண்டியதில்லை. அது உங்கள் நன்மைக்குச் சொன்னது.

வழியில்தான் தாங்கள் மனதைத் திறந்தீர்கள். தலைநகர் நியாமேக்கும் தோஸோவுக்கும் நடுவே முப்பது வருஷம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறீர்கள். கூரே வந்ததும் பஸ்ஸே எழுந்து நின்று, "அதோ கழுத்து, அதோ கழுத்து" என்று ஜன்னலில் தொங்கும். உங்களுக்கு மட்டும் எப்போதும் எதிர்ப்பக்க ஜன்னல். அல்லது தூக்கம். அல்லது முன்னால் ஒரு தடியனின் முதுகு. ஊரில் எல்லோரும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பேரப்பிள்ளைகளிடம் பார்த்ததாகச் சொல்லி, பிறகு அவர்கள் கேட்கக் கேட்க அதைப் பெரிதாக்கி, கடைசியில் ஒட்டகச்சிவிங்கி உங்கள் கையிலிருந்து பேரீச்சம்பழம் வாங்கித் தின்றது வரை போய்விட்டது. வெள்ளைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்கிற வேலையைத் தாடி நரைத்த மனிதர் செய்வதா என்று கூசி, முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். "யார்கிட்டயும் சொல்லிடாதேப்பா" என்றீர்கள். ஒரு மனிதர் தன் வெட்கத்தை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைக்கிறார். நான் வண்டியே ஆடும்படி சிரித்தேன். "பொய்க்குமா மச்சான் தலைப்பாகை கட்டுவீங்க?" என்றேன்.

செம்பாறை மேட்டுக்குப் போகும் முன் மணலில் வண்டி நின்றுவிட்டது. நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, தாங்கள் பின்னாலிருந்து தள்ளினீர்கள். வண்டியை ஓட்டுகிறவன் இறங்கினால் எஞ்சின் அணைந்துவிடும் என்று சொன்னேன். எஞ்சின் அதற்கு முன்பே அணைந்திருந்தது. பிறகு நிழலில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன கம்மங்கூழை ஒரே சுரைக்குடுக்கையில், ஒரே அகப்பையில், மாற்றி மாற்றிக் குடித்தோம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தண்ணீர் குடிக்கவே நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அன்று நான் உங்கள் முன்னால் ஏப்பம் விட்டேன். "மனுஷனுக்கும் கொஞ்சம் மிச்சம் வை, பாலைவனத்துல பார்த்ததில்லையா கூழை?" என்று அகப்பையை உங்கள் கையிலிருந்து பிடுங்கினேன். அதை எழுதும்போது ஸலமத்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதையுமா செஞ்சீங்க?" என்று கேட்டு உள்ளே போய்விட்டாள். இதுவரை எனக்குச் சாப்பாடு கிடைத்துக்கொண்டிருந்தது. இனி என்ன ஆகும் என்று தெரியவில்லை.

இப்போது முள்ளுக்கு வருகிறேன். ஹாஜியார் அவர்களே, எங்கள் ஒட்டகச்சிவிங்கிகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. இங்கே சிங்கம் கிடையாது. எங்கள் வயலில் புகுந்து தட்டைப்பயற்றைத் தின்றுகொண்டே, நாங்கள் விரட்ட ஓடிவருவதை வேடிக்கை பார்க்கிற ஜாதி அது. நேராக நடந்து போய்ப் பக்கத்தில் நின்று இருமலாம். "நிமிர்ந்து போனா மிரண்டு ஓடிடும், தவழ்ந்துதான் வரணும்" என்று நான் சொன்னது முழுப் பொய். புதிதாக வரும் துவாரெக் மச்சான்களுக்கு நான் வைக்கிற சடங்கு அது. அகாலியையும் தவழவிட்டிருக்கிறேன். அவன் பாதியில் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தான், நான் நிமிர்ந்து நின்று மூக்கை நோண்டிக்கொண்டிருந்தேன், கல்லால் அடித்தான். நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை. வெள்ளை அங்கியை வாரிச் சுருட்டிக்கொண்டு, முள்ளையும் சரளைக் கல்லையும் பொருட்படுத்தாமல், கடைசி வரை தவழ்ந்தீர்கள். வேண்டாம், எழுந்துகொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு கணம் வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பின்னாலிருந்து பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்போது அது வந்தது. இந்த வேலையில் எனக்குப் பல வருஷம் ஆயிற்று, இன்னும் அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாது. வெறும் மரம் இருக்கும். மரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். மரத்துக்கு ஒரு முகம் இருந்திருக்கும். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று யாரும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. வயதான பெட்டை ஒன்று, இரண்டு இளசுகள், பின்னால் தனியாக ஒரு கிடா. மழை விழுந்து புதர் எல்லாம் தளிர்த்திருந்ததால் அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டு வந்தன. பெட்டை உங்களுக்கு மிக அருகில் வந்து நின்று, கறுப்பு நாக்கை நீட்டி, முள்ளுக்கு நடுவே இருந்த இலையை மட்டும் வழித்துத் தின்றது. நீங்கள் தரையில் கிடந்தபடி முதலில் குளம்பைப் பார்த்தீர்கள். பிறகு முழங்கால். பிறகு வயிறு. பிறகு கழுத்து தொடங்கி, முடியாமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. உங்கள் தலையும் அதோடு பின்னால் சாய்ந்துகொண்டே போய், தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. வாய் திறந்திருந்தது. கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அதுவும் மென்றுகொண்டே குனிந்து உங்களைப் பார்த்தது.

அந்த இடத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆகிறார்கள். பெரிய கேமராவோடு வருகிறவர்கள் படம் எடுக்க மறந்துவிடுகிறார்கள். கத்திக்கொண்டு வரும் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி யாருக்கும் பால் தராது, பாரம் சுமக்காது, எங்கள் பயற்றைத் தின்பதைத் தவிர அதனால் எங்களுக்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அது தலையைத் திருப்பி நம்மைப் பார்த்தால், யாரோ நம்மைக் கணக்கில் எடுத்துக்கொண்ட மாதிரி நெஞ்சு நிறைந்துவிடுகிறது. எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அதனால்தான் அந்த நேரத்தில் ஏதாவது உளறிவிடுகிறேன். உளறாவிட்டால் நானும் அழுதுவிடுவேன், வழிகாட்டி அழுதால் யார் மதிப்பார்கள்?

அன்று உளறியதை இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மற்ற எல்லாவற்றையும் எழுதினால் இதை எழுதத் தைரியம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

"என்ன மச்சான் அழறே? மௌத்தாப்போன பொண்டாட்டியா வந்து நிக்கிறா?"

போன கோடையில்தான் உங்கள் வீட்டம்மா காலமானார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து மாமன்மார்கள் துக்கம் கேட்க வந்தார்கள். ஆனால் அது தோஸோவில் இருக்கிற ஹாஜியாரின் மனைவி. என் எதிரில் தரையில் கிடந்தவர் யாரோ ஒரு துவாரெக். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தாங்கள் கோபப்படவில்லை. அதைப் பார்த்தபடியே, "ஆமாப்பா. நான் அதிகமாப் பேசினா அவளும் இப்படித்தான் பார்ப்பா. மென்னுக்கிட்டே" என்றீர்கள்.

நான் சிரித்தேன், ஹாஜியார். நல்ல பதிலடி என்று நினைத்துத் தொடையில் தட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இந்த வாரம் முழுவதும் என் காதிலேயே இருக்கிறது. சாப்பிடும்போது கேட்கிறது. தொழுகையில் குனிந்தால் கேட்கிறது. பைக்கில் ஏற்றியதற்கும் தள்ளவிட்டதற்கும் வெட்கப்படுகிறேன், ஆனால் அந்த வெட்கத்தோடு வெளியே போய்வர முடிகிறது. இந்த வெட்கத்தோடு அப்படிப் போய்வர முடியவில்லை. கேலி முறைக்காரனாக இருந்திருந்தால் மய்யித்து கிடக்கும் சாவு வீட்டில்கூட அப்படிக் கேட்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் உங்கள் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். யார் முகமாக இருந்தால் என்ன, அதைப் பார்த்த பிறகு வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும்.

மீதியைத் தாங்கள் அறிவீர்கள். அஸர் தொழுகைக்கு ஒளு செய்ய என் வீட்டுக்கே உங்களை அழைத்து வந்தேன். ஸலமத்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தாங்கள் தலைப்பாகையை முழுவதும் கழற்றினீர்கள். உங்கள் கடையில் துணி எடுத்தவள் அவள். செம்பை வைத்துவிட்டு அப்படியே மண்டியிட்டு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் விளையாடுகிறாள் என்று நினைத்து, "இவனுக்கா மண்டி போடறே, எழுந்து போய் ஆட்டைக் கட்டு, போகும்போது ஒண்ணு குறையும்" என்றேன். அவள் தரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, போதும். இவங்க தோஸோ ஹாஜியாருங்க."

அதன் பிறகு ஒரு ஆண்மகன் என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்யவில்லை. ஆட்டுப் பட்டிக்குள் புகுந்து தீவனக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தாங்கள் தொழுது முடித்ததும், ஸலமத்துவுக்கு துஆ சொன்னதும், டாக்ஸி வேன் ஹாரன் அடித்ததும் கேட்டது. நான் வெளியே வரவில்லை. ஆடுகள் என் சட்டைக் கையைத் தின்றன. தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே இதன் மூலம் நான் சொன்ன அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் முகத்தைக் கண்டு எந்த மிருகமும் பயப்படவில்லை. நீங்கள் எங்கள் மொழியைத் திருடவில்லை, அது உங்கள் மொழிதான். உங்கள் காதைப் பற்றி வழியில் ஏதோ சொன்னேன். தலைப்பாகை அவிழ்ந்தபோது பார்த்தேன், சாதாரணக் காதுதான், சற்றே பெரியது, உங்கள் வயதுக்குப் பொருத்தமாக இருக்கிறது. சந்தையில் உங்களை விற்றால் ஒரு கோழி தேறாது என்றதையும் வாபஸ் வாங்குகிறேன். தாராளமாக ஒரு ஆடு தேறும். பாருங்கள், மறுபடியும் வாய் அந்தப் பக்கமே போகிறது. அடிக்கலாம் என்றால் பேனாவால் எழுதியதை அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவைக்கிறேன்.

கேட்க நினைப்பது ஒன்றுதான். ஹப்ஸாத்துவுக்கு வாய் அவள் அம்மாவுடையது. அளந்து பேசுவாள், பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்துவாள், உரல் குத்தும்போது மட்டும் கொஞ்சம் வேகம். முமூனியைப் பற்றி மாமன்மார்கள் பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளை நான் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தில் அன்று இருந்ததை நான் கெடுத்துவிட்டேன். என்னைத் தண்டிக்கத் தோன்றினால் கல்யாணத்துக்கு வராதே என்று சொல்லுங்கள். வரமாட்டேன். மேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். என் வாய்க்கு அவளை அபராதமாகக் கட்டவைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும், கடைக்குப் பரக்கத்தும், முழங்காலுக்கு ஷிஃபாவும் தரட்டும். மறைந்த அம்மையாருக்குச் சுவனத்தில் நிழலான இடம் கிடைக்கட்டும். முமூனிக்கு என் ஸலாம், அதை ஏற்பதா வேண்டாமா என்பது அவன் விருப்பம். ஸலமத்து மண்டியிட்டு ஸலாம் சொல்கிறாள். ஹப்ஸாத்து ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. அகாலியும் ஸலாம் சொல்லச் சொன்னான், அதை நான் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் முன் நிற்கத் தகுதியில்லாத
ஜிப்ரில்லா சுமானா
கூரே

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, உங்கள் ஊருக்குப் போகிற வண்டியில் கொடுத்தனுப்ப சாலைக்குப் போனேன். தோஸோவிலிருந்து டாக்ஸி வேன் ஓட்டிவரும் லவாலி வண்டியை நிறுத்தினான். லவாலி இறங்கி, இலை போட்டுக் கட்டிய கூடை ஒன்றை என் கையில் வைத்தான். கோலாக் கொட்டை. அகாலி என்னைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தான். பிறகு லவாலி, பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, தாங்கள் சொல்லியனுப்பியதைச் சொன்னான்.

"ஹாஜியார் சொன்னாங்க, அவங்க பொறந்ததிலேருந்து கூரேல கால் வெச்சதே இல்லையாம். பஸ்ல தூங்கிக்கிட்டுத்தான் போவாங்களாம். யாரோ தலைப்பாகை கட்டின ஆள் ஒருத்தன் உங்க ஊருக்கு வந்து போனதாக் கேள்விப்பட்டாங்களாம். அவனுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லையாம். முழங்கால் வலியில படுத்திருந்ததாலதான் வெள்ளிக்கிழமை கொட்டை அனுப்பலையாம். மாடிப்படியில விழுந்தாங்களாம். அவங்க வீட்டுல ஏது மாடின்னு எனக்கே புரியலை. அப்புறம் அந்தத் தலைப்பாகைக்காரன்கிட்ட கடைசியா நீங்க ஒண்ணு கேட்டீங்களாமே, அவன் அதுக்கு வருத்தப்படலைன்னு சொல்லச் சொன்னாங்க. வீட்டுல அந்தம்மா பேரை எடுத்தாலே எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிறாங்களாம். அவங்களை நெனச்சு ஒருத்தர் சிரிச்சது அன்னிக்குத்தானாம். கல்யாணத்துக்கு வரும்போது ஹாஜியாருக்கு நீங்க ஒட்டகச்சிவிங்கி காட்டணுமாம். முதல் தடவையா. அதுக்குக் கண் இமை அவ்வளவு நீளமாமே, ஈ உக்கார்றப்போ அடிச்சுக்குமாமே, அதை இன்னொரு தடவை பார்க்கணுமாம்."

சொல்லி முடித்துவிட்டு லவாலி தலையைச் சொறிந்தான். "பார்க்காத மனுஷன் ஏன் அண்ணே இன்னொரு தடவைங்கிறார்?" என்று கேட்டான். வண்டியில் ஆள் காத்திருக்கிறது, போ என்றேன்.

ஆகவே ஹாஜியார் அவர்களே, மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு எழுதியது அல்ல. தாங்கள் கூரேக்கு வந்ததில்லை, நான் உங்களைத் திட்டியதில்லை, எனக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியதை அடுப்பில் போட மனம் வரவில்லை, அனுப்புகிறேன். அந்தத் தலைப்பாகைக்காரரை எங்கேயாவது பார்த்தால் கொடுத்துவிடுங்கள். ஹப்ஸாத்து கூடையைத் திறந்து கொட்டைகளைத் தெருவுக்கே பங்கு வைத்துக்கொண்டிருக்கிறாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள், முகத்தைப் பார்த்தே கொடுத்தாள்.

இன்னொரு விஷயம். இன்று காலையில் மேட்டில் ஒரு பெட்டை குட்டி போட்டிருக்கிறது. கால்கள் நாலும் நாலு பக்கம் போகின்றன, இன்னும் நிற்கத் தெரியவில்லை, அம்மா குனிந்து நக்கிக்கொண்டே இருக்கிறது. எழுந்து நின்றால் இப்போது உங்கள் உயரம்தான் இருக்கும், நிமிர்ந்து நின்றே முகத்தோடு முகம் பார்க்கலாம். ஆனால் இந்தப் பிராணி நாளுக்கு நாள் வளர்ந்துவிடும். பெண்ணைப் பெற்றவன் கேட்கக் கூடாததுதான், ஆனாலும் கேட்கிறேன். கல்யாணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளலாமா?